கதவுகள் திறக்கின்றன

லிஃப்ட் நின்றதற்கு ஒரே ஒரு காரணம்தான். கம்பி தேய்ந்து போயிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டு போனதற்குத்தான் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

நின்ற லிஃப்டுக்குள் இருந்தவர் பெரிய அதிகாரி. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு மத்தியானம் முழுக்க நின்றார். அரசாங்க அதிகாரியை மேலேயும் போகவிடாமல் கீழேயும் வரவிடாமல் நிறுத்துவது அரசாங்கத்தையே நிறுத்துவது மாதிரி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சாயங்காலமே மெக்கானிக் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஓர் ஆளைக் காரணமில்லாமல் அடைத்து வைத்த குற்றத்துக்காக, காரணம் சொல்லாமல் அவனை அடைத்து வைத்தார்கள். எங்கே என்பதையும் சொல்லவில்லை.

அவனுக்கு இருந்தது ஒரு அக்கா. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அம்மா போன பிறகு அவனைக் கைப்பிடித்து வளர்த்தவள். அவள் போனில் யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காது. டிங் என்று ஒரு சத்தம், அதன் பின்னால் ஒரு பெண் குரல்: "கதவுகள் திறக்கின்றன. கவனமாக வெளியே வரவும்." வேலை பார்த்த லிஃப்டிலிருந்து தம்பி பதிவு செய்து வைத்துக் கொடுத்தது. அதைக் கேட்டால் கடையில் துணி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு வெட்கமாக இருக்கும். மாற்றத் தெரியாது. அவனையே மாற்றச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். இப்போது மாற்ற மனமில்லை.

வக்கீல் நல்ல மனுஷன். ஆனால் அவரும் கையை விரித்தார்.

"எடம் மட்டும் தெரியட்டும்மா. எந்த எடம்னு ஒரே ஒரு வார்த்தை. அன்னைக்கே மனுப் போட்டு அவனை ஜட்ஜு முன்னாடி நிக்க வெச்சிடுறேன். எடம் தெரியாம யார்கிட்டன்னு போய்க் கேக்கறது? எங்ககிட்ட இல்ல, எங்ககிட்ட இல்லன்னு எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க. போன மனுவுக்கு ஜட்ஜு என்ன சொன்னாரு தெரியுமா? 'எங்கேயும் இல்லாத ஆளை எங்கேருந்து கொண்டு வரச் சொல்றது'ன்னாரு."

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

வக்கீல் ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். "உலக மனித உரிமைக் கல்வி மையம்னு ஒண்ணு இருக்கு. பெரிய கண்ணாடிக் கட்டடம். உலகம் பூரா கிளை. அவங்க ஒரு வார்த்தை கேட்டா இவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். போய்ப் பாருங்க."

கண்ணாடிக் கட்டடத்தின் வரவேற்பறையில், எல்லா மனிதர்களும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்று எல்லா மொழிகளிலும் எழுதியிருந்தது. அதன் கீழே, அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று ஒரே மொழியில் எழுதியிருந்தது. கழுத்தில் நீலப் பட்டை போட்ட ஓர் ஒருங்கிணைப்பாளர் வந்து அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவு மரியாதையாக யாரும் அவளிடம் பேசி வெகுநாளாகியிருந்தது. தம்பி வந்துவிட்டான் என்றே அவளுக்குத் தோன்றிவிட்டது.

முழுக்கக் கேட்டுவிட்டு ஒருங்கிணைப்பாளர் கேட்டார்: "அடிப்படை வகுப்பு முடிச்சிருக்கீங்களா?"

"என்ன வகுப்புங்க?"

"உரிமைகள் பத்தின வகுப்பு. எந்த உரிமை மீறப்பட்டிருக்குன்னு தெரியாம நீங்க எப்படி முறையிடுவீங்க? எங்களுக்கே சங்கடமா இருக்கும்."

"என் தம்பிய எங்க வெச்சிருக்காங்கன்னு கேட்டுச் சொன்னாப் போதுங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். நாங்க தனி ஆளுங்க விஷயத்துல இறங்கறதில்லை. நாங்க அமைப்புகளோடதான் வேலை செய்றோம்."

"என் தம்பி அமைப்பு இல்லீங்க, ஆளு."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிற்பாடு அது மையத்தின் ஆண்டு மலரில் அட்டைப்பட வாசகமாக வந்தது.

கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் சான்றிதழுக்கு வந்தவர்கள், மீதிப்பேர் சான்றிதழ் கொடுக்கிறவர்கள். ஒருநாள் கைது செய்வதை நடித்துக் காட்டச் சொன்னார்கள். கைதாகிறவர் ஒரு வங்கி மேனேஜர். அவரை இழுத்துப் போகிற போலீஸ்காரர் வேஷம் அக்காவுக்கு. மேனேஜர் பிரமாதமாகக் கதறினார். அவர் சட்டையைப் பிடித்த அவளுக்கோ கை ஓடவில்லை. துணி நன்றாக இஸ்திரி போட்டிருந்தது, கசங்கிவிடுமே என்று ஒரு பக்கம். அந்த வண்டி வந்த சாயங்காலம் இன்னொரு பக்கம். கடைசியில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பயிற்சியாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "காவல்துறையோட மனநிலைக்குள்ள நீங்க போகவே இல்ல. அடுத்தவங்க பக்கத்துலேருந்து பாக்கக் கத்துக்கணும். உரிமைக் கல்வியோட முதல் படியே அதுதான்."

முதல் படியில் தவறியதால் அந்தப் பாடத்தை அவள் இரண்டாம் தடவை படிக்க வேண்டியதாயிற்று.

இதற்குள் லிஃப்ட் கதை மையத்தின் தலைவி காதுக்குப் போயிருந்தது. தலைவி அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். மிருதுவான கை. அவளுடைய இஸ்திரிச் சூட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே பேசினார்.

"உங்க தம்பி நடுவுல நிக்கறார்மா. மேலேயும் இல்ல, கீழேயும் இல்ல. உலகமே இன்னைக்கு அப்படித்தான் நிக்குது. இப்படி ஒரு படிமத்துக்காக நாங்க எத்தனை வருஷம் காத்திருந்தோம் தெரியுமா?"

"அம்மா, அவன் வெளியே வருவானாம்மா?"

"நாங்க ஒரு ஆளை வெளியே கொண்டு வர்றதில்லை. ஏன்னா ஒரு ஆளைக் கொண்டு வந்தா ஒரு ஆள்தான் வெளியே வருவார். விழிப்புணர்வைக் கொண்டு வந்தா..."

"எத்தனை பேர் வருவாங்கம்மா?"

"அதை அளக்கவே முடியாது. அதுதான் அதோட சிறப்பு."

தலைவி கெட்டவர் இல்லை. அவள் அழுதபோது அவரும் அழுதார். அவள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அழுதார்.

இயக்கத்துக்கு "நாமும் நடுவில் நிற்கிறோம்" என்று பெயர் வைத்தார்கள். சுவரொட்டிக்குப் படம் கேட்டார்கள். தம்பி படம் அவளிடம் ஒன்றுதான் இருந்தது. கையில் எண்ணெய்க் கறையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். ஒருங்கிணைப்பாளர் அதை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சிரிக்கறாரே."

"அவன் எப்பவும் அப்படித்தாங்க."

"சிரிக்கற ஆளுக்காக யாருங்க கையெழுத்துப் போடுவாங்க?"

ஒரு வாரத்தில் சுவரொட்டி வந்தது. கம்பிக்குப் பின்னால், கன்னம் ஒட்டி, குழிந்த கண்ணோடு யாரோ ஒருவர். குறியீட்டு முகம் என்று சொன்னார்கள். அவளுடைய வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "இன்னைக்கு என் பஸ்ஸு பின்னாடி உன் தம்பிய ஒட்டியிருந்தாங்க. நாள் பூரா அவனோடதான் சுத்தினேன். மாப்பிள்ளைய எனக்கே அடையாளம் தெரியல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

இயக்கம் கடல் தாண்டிப் பரவியது. எங்கெங்கோ உயரமான கட்டடங்களில், ஆதரவாளர்கள் குறித்த நேரத்தில் லிஃப்டை நடுவழியில் நிறுத்திக் கண்ணை மூடி நின்றார்கள். மையத்தின் லிஃப்டில் தலைவியும் நின்றார். கண்ணைத் திறந்து பித்தானை அழுத்தினால் அது நகரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தார்கள். "ஆள் பத்தாதுங்க. இருந்த நல்ல மெக்கானிக் ஒருத்தனை உள்ள வெச்சிருக்காங்க" என்று பதில் வந்தது. அந்த அனுபவத்தைப் பற்றித் தலைவி மூன்று நாடுகளில் உரையாற்றினார்.

அக்கா கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. எங்கே என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இயக்கம் ஒரே கேள்விக்குள் சுருங்கிவிடும் என்று பயந்தார்கள்.

ஒருநாள் காலை, சலவைக் கடைக்கு முன்னால் மொட்டையடித்த ஓர் ஆள் வந்து நின்றார். துணியும் இல்லை, சீட்டும் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"லிஃப்ட்காரரோட அக்கா நீங்கதானே? போன் மணிய வெச்சுக் கண்டுபிடிச்சிடலாம்னு சொன்னாரு. இப்பத்தான் கதவு தொறந்துச்சு, கேட்டேன்."

இஸ்திரிப் பெட்டியை வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"உசுரோட இருக்காரு. நேத்துத்தான் என்னை விட்டாங்க. எங்க இருந்தோம்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது, போகும்போதும் வரும்போதும் கண்ணக் கட்டிட்டாங்க. ரெண்டு மூணு நாள்ல அவங்களை வேற எடத்துக்கு மாத்தப் போறாங்க. அது கணக்குல உள்ள ஜெயிலு. போன உடனே ஒரு தடவ வீட்டுக்குப் போன் பண்ண விடுவாங்க. அப்ப எடத்தைச் சொல்லிடுவாரு. அங்கயும் ரொம்ப நாள் வெக்க மாட்டாங்களாம், திரும்ப எங்கயாவது கொண்டு போயிடுவாங்களாம். ஒரே தடவைதாங்க. எடுக்கலன்னா முறை போச்சு. 'அக்காவ போனக் கீழ வெக்க வேணாம்னு சொல்லு'ன்னாரு."

"சாப்பிடறானா?"

"சாப்பிடறாரு. உங்க போஸ்டர ஒரு காவலாளி கொண்டாந்து காட்டினான். இது யாருன்னு கேட்டாரு. நீதான்னான். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு."

அன்றிலிருந்து அவள் போனைக் கீழே வைக்கவில்லை. இடது கையில் போன், வலது கையில் இஸ்திரிப் பெட்டி. குளிக்கப் போனால் வீட்டுக்காரர் குளியலறை வாசலில் அதை ஏந்திக்கொண்டு நின்றார். வக்கீல் கோர்ட்டு வராந்தாவிலேயே பழியாய்க் கிடந்தார். மனு தயாராக இருந்தது. அதில் ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

அப்போதுதான் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. உலக மௌன நாள். எல்லா நாட்டுக் கிளைகளும் திரை வழியாக ஒன்றுசேர்ந்து தம்பிக்காக மௌனம் காக்கப் போகின்றன. உலகத் தலைமையகத்திலிருந்து ஒரு பிரதிநிதி வருகிறார். மறுநாள் அவர் அமைச்சரைப் பார்க்கிறார்.

அவள் போகவில்லை என்றாள். வீட்டுக்காரர்தான் யோசித்தார். "அந்த ஆளு அமைச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டார்னா? எந்தக் கதவு தொறக்கும்னு நமக்கென்ன தெரியும். போன் கையிலதானே இருக்கு. போய்ட்டு வா. நான் டூட்டிய முடிச்சிட்டு நேரா அங்க வந்துடறேன்."

அரங்கத்தின் வாசலில் பூ வைத்து அலங்கரித்த ஒரு பிரம்புக் கூடை இருந்தது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் போனை அதில் போட்டார்கள். நம் குரலை நாமே ஒப்படைக்கிறோம் என்பதற்கு அடையாளம் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினார்.

"நான் குடுக்க முடியாதுங்க. தம்பி கூப்பிடுவான்."

"எந்தத் தம்பி?"

"அந்தத் தம்பிதாங்க." அவள் சுவரொட்டியைக் காட்டினாள். அதில் இருந்தவரைப் பார்த்ததும் அவளுக்கே சந்தேகமாகப் போய்விட்டது.

எல்லாவற்றையும் சொன்னாள். மொட்டையடித்தவர் வந்தது, ஒரே தடவை, முறை போய்விடும் என்பது. ஒருங்கிணைப்பாளர் கண் கலங்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு மட்டும் விட்டா எல்லாரும் கேப்பாங்க. சமத்துவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப நான் வெளியவே நிக்கறேன்."

"நீங்க இல்லாம எப்படிங்க? பிரதிநிதி உங்களைத்தான் பாக்கணும்கறார். அமைச்சர்கிட்டப் பேசப் போறவரு. பாருங்க, கூடைய நான் கண்ணுலேருந்து எடுக்க மாட்டேன். உங்க போனு அடிச்சா ஓடி வந்து கையில குடுக்கறேன். என்னை நம்புங்க."

நம்பித்தான் கொடுத்தாள். கொடுக்கும்போது, கூடையில் உள்ள போனெல்லாம் அணைந்து கிடக்க, அவளுடையதை மட்டும் அணைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மேடை நடுவில், தம்பிக்காகப் போட்டிருந்த காலி நாற்காலியின் மேல் வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளரைத் திரையை இயக்கக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் அரங்கத்தின் கடைக்கோடிக்குப் போய்விட்டார்.

அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். மார்பில் "ஆறுதல் தொண்டர்" என்று வில்லை. துக்கத்தில் இருப்பவர்களைத் தாங்கிப் பிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள். முதல் பரிசு வாங்கியவர்கள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

தலைவி மேடையேறினார். "மௌனம்தான் நம்முடைய மிக வலிமையான குரல். போன வருஷம் வேறொரு அமைப்பு இரண்டு நிமிஷம் மௌனம் காத்தது. அவர்களை நாம் மதிக்கிறோம். நாம் பத்து நிமிஷம் காக்கப் போகிறோம். இடையில் ஓர் இருமல் கேட்டாலும் உலகத்தின் மனச்சாட்சி கலைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்."

திரையில் பல நாட்டு முகங்கள் கண்ணை மூடின. விளக்குகள் தணிந்தன. அரங்கம் அடங்கியது.

அக்காவுக்கு மௌனம் புதிதில்லை. இத்தனை நாளாக அதோடுதான் குடித்தனம். தம்பி சாப்பிட்ட தட்டின் மௌனம் ஒன்று. அவன் கொடியில் விட்டுப்போன சட்டை, அதன் மௌனம் வேறு. இந்த மௌனத்தில் வாசனைத் திரவியம் அடித்தது. அவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வேண்டாமடா, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிங்.

"கதவுகள் திறக்கின்றன. கவனமாக வெளியே வரவும்."

அரங்கம் முழுக்கச் சிலிர்த்தது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. காலி நாற்காலியிலிருந்து ஒரு லிஃப்டின் குரல் வருகிறது. இப்படி ஒரு ஏற்பாட்டை யார் யோசித்தார்கள் என்று பிரதிநிதி உறைந்துபோய் நின்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

அக்கா எழுந்தாள். எழுந்ததும் இரண்டு பக்கமும் நான்கு கைகள் அவளை அணைத்துக்கொண்டன.

"விடுங்க. என் போனு. அவன்தான்."

"தெரியும்மா," என்று வலப்பக்கத்துப் பெண் காதோடு சொன்னாள். "எங்களுக்குத் தெரியும். அழுதுடுங்க."

"அழலீங்க. போனு அடிக்குது. விடுங்க."

"நாங்க விட மாட்டோம். உங்களை நாங்க விடவே மாட்டோம்."

குரல் நின்றது. மறுபடி டிங் என்றது. கதவுகள் திறந்தன. கவனமாக வெளியே வரச் சொன்னது. அவள் திமிறினாள். இஸ்திரி போட்டு உரமேறிய கைதான், ஆனாலும் பயிற்சி பெற்ற ஆறுதலை அசைக்க முடியவில்லை. கத்த வாயைத் திறந்தபோது இடப்பக்கத்துப் பெண் அவள் முகத்தைத் தன் தோளில் புதைத்து, தலையைக் கோதிக் கொடுத்தாள். கடைக்கோடியில் ஒருங்கிணைப்பாளர் ஒரு காலைத் தூக்கிவிட்டார். தூக்கிய காலை எங்கே வைத்தாலும் சத்தம் கேட்கும். உலகத்தின் எத்தனையோ நாடுகள் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் மெல்ல அந்தக் காலைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

மூன்றாம் தடவையும் கதவுகள் திறந்தன.

அதன் பிறகு திறக்கவில்லை. மீதி மௌனம் சிறப்பாக நிறைவேறியது.

விளக்கு எரிந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. பிடித்திருந்த கைகள் தளர்ந்ததும் அவள் ஓடிப்போய்க் கூடையைக் கவிழ்த்தாள். எடுக்காத அழைப்பு மூன்று. எண் காட்டப்படவில்லை. திருப்பிக் கூப்பிட எண்ணே இல்லை. அவள் சிதறிக்கிடந்த போன்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். தலைவி அவளைத் தூக்கி நிறுத்தி ஒலிவாங்கி முன்னால் கொண்டுவந்தார். பிரதிநிதி அருகில் வந்தார், கூடவே மொழிபெயர்ப்பாளரும்.

"ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

அவள் வெகுநேரம் பேசவில்லை. அரங்கம் அதையும் ரசித்தது. பிறகு சொன்னாள்: "இப்ப என் தம்பி கூப்பிட்டான். யாரும் எடுக்கல."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் யோசித்து, நீளமாக ஏதோ சொன்னார். பிரதிநிதி நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். மறுபடி கைதட்டல்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று அவள் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க தம்பி நம்ம எல்லாரையும் கூப்பிடுறாரு, அந்தக் குரலுக்கு மனிதகுலம் செவிசாய்க்கணும்னு..."

"நான் அப்படிச் சொல்லலையே."

"உட்பொருள் அதுதாங்க."

வாசலில் கண்டக்டர் பையோடு வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரே வக்கீலுக்குப் போன் செய்து, "இல்ல சார், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். இருவரும் வெகுதூரம் பஸ் ஏறாமல் நடந்தார்கள்.

பிரதிநிதி மறுநாள் அமைச்சரைப் பார்த்தார். மௌனத்தின் காணொளியைக் காட்டினாராம். அமைச்சருக்கும் அந்த லிஃப்ட் குரல் மிகவும் பிடித்திருந்ததாம்.

நாட்கள் போயின. சுவரொட்டிகள் வெயிலில் வெளுத்து, குறியீட்டு முகமும் அடையாளம் தெரியாமல் ஆனது. கடைக்காரர் இரண்டு தடவை கண்டித்தும் அவள் இடது கைப் போனை வைக்கவில்லை. முறை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும், எங்கோ ஒரு காவலாளிக்கு மனசு இளகாதா, இன்னொரு தடவை விட மாட்டானா.

ஒரு மத்தியானம், ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோது டிங் என்றது.

கதவுகள் திறக்கின்றன.

பெட்டியைச் சட்டை மேலேயே போட்டுவிட்டு, "தம்பி, எங்கடா இருக்க, எடத்தைச் சொல்லு முதல்ல" என்றாள்.

அந்தப் பக்கம் ஒருங்கிணைப்பாளரின் குரல். "வணக்கங்க. நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன உதவி. அடுத்த வருஷ மௌனத்துக்கு எல்லாக் கிளையிலயும் அந்த ஒலிதான் வேணும்கறாங்க. உங்க போன்ல இருக்கறத அப்படியே அனுப்பிடறீங்களா?"

சட்டையிலிருந்து புகை கிளம்பியது. கடைக்காரர் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஹலோ? கேக்குதுங்களா?"

"போனை வைங்க," என்றாள் அவள், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல. "லைனை விடுங்க சார். அவன் கூப்பிடற நேரம்."